வலி குறைந்ததாகச் சொன்ன நாட்கள்

பன்னிரண்டு நாள் நான் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அவள் என் இடுப்பைச் சரிசெய்யப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த பிசியோதெரபி நிலையம். இடுப்பு வலிக்காரர்கள் வரும் இடத்தை மாடியில் வைத்தவர் யாரோ, அவருக்கு இடுப்பு நன்றாக இருந்திருக்க வேண்டும். ஆறு கட்டில்கள், நடுவில் பச்சைத் திரைகள். காலை ஒன்பதரைக்கு நான் படியேறிப் போய்ப் படுத்ததும் அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்து மலையாளத்தில் கேட்பாள்.

"எங்ஙனே உண்டு அங்கிள்? வேதன குறவுண்டோ?"

"குறவுண்டு" என்பேன். குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளும் குறையவில்லை.

வலியசாலையில் எங்கள் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொய்யாகவே தோன்றாது. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் ரசத்தில் உப்பில்லை என்று நாங்கள் சொல்வதில்லை. நமக்காக ஒருத்தர் உடம்பு வணங்கி ஏதாவது செய்தால், அது பலித்தது என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் மரியாதை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என் முதுகில் சூடு வைத்து, பசை தடவிக் கருவியை உருட்டி, இடுப்பில் பட்டை கட்டி இயந்திரத்தால் இழுத்து, ஒவ்வொரு பயிற்சியையும் தானே படுத்துக் காட்டிச் சொல்லித்தருவாள். நெற்றியில் வியர்த்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்து "ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று எப்படிச் சொல்வது?

சரி, இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வீட்டில் படுத்திருந்தது.

என் மனைவிக்கு இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சுக்கு ஏதாவது ஆகியிருந்தால்தான் தனக்குப் பயம் வந்திருக்கும் என்று அவளே சொல்வாள். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறை முக்காலிக்கு, மறுபடி நாற்காலிக்கு, மறுபடி படுக்கைக்கு. ஒரு தடவை போய்வர நாலு தூக்கு. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்திலேயே போட்டுவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் சம்மதிக்கவில்லை. எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம், அகலம் கிடையாது. அவள் படுக்கிற அறைச் சுவரில்தான் சாமி மாடம். "சாமியப் பாத்துண்டே அதுக்கு உக்காருவேனா? நேக்கு கை கால்தான் போச்சு, புத்தி போகல" என்றாள். ஆகவே வீட்டின் கடைசி வரை தள்ளிக்கொண்டு போய், ஒரு படி இறக்கி, அங்கே தூக்கி உட்கார்த்த வேண்டும்.

ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம். முதலில் வந்தவர் மகளின் பிரசவத்துக்கு என்று இடுக்கிக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டாமவர் இருபது நாளில் தனக்கு நடுவு வேதனை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடுவு என்றால் இடுப்பு. அன்றைக்கு நானும் என் மனைவியும் அவரைக் கிண்டல் செய்து சிரித்தோம். அதன் பிறகு ஏஜென்சிக்காரர்கள் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் மகள் கனடாவில் இருக்கிறாள். போன தடவை வந்தபோது நெய்யாற்றின்கரை போகும் வழியில் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமாக இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், சைவச் சாப்பாடு என்றாள். நான் கத்தினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் வாய் நிற்காது. "நான் தூக்கறவரைக்கும் அவ இங்கதான் இருப்பா" என்றேன். மகள் அமைதியாக, "உங்களால முடியாம ஆச்சுன்னா அப்பா?" என்று கேட்டாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மனைவி சொன்னாள், "என்ன எங்கயும் அனுப்பிடாதேங்கோ." அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதனால்தான், இடுப்பு பிடித்த அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவளைத் தூக்கித் திருப்பும்போது கீழ்முதுகில் ஏதோ பட்டென்று விட்டது. அவளைக் கீழே போடவில்லை. அவளோடு சேர்ந்து நானும் படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன, தேர் நின்னுபோச்சா?" என்றாள். "முட்டுக்கட்டை போட்டிருக்கேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு வாரம் கழித்து நேராக நிற்கவே முடியவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு முதுகெலும்பில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார். பதினைந்து நாள் பிசியோதெரபி, குனியக் கூடாது, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அவளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

நிலையத்தில் முதல் நாள் அந்தப் பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் பாரம் ஏதாவது தூக்குவேனா என்று கேட்டாள். "அங்கிள் வீட்டில் எந்தா ஜோலி? பாரம் எந்தெங்கிலும் எடுக்குமோ?"

"ரிட்டயர்ட். ஒண்ணும் இல்லை. பேப்பர் வாசிப்பேன்" என்றேன்.

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன் நான். கோப்பில் ஏறியதுதான் நடந்தது, ஏறாதது நடக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேன். வீட்டு விஷயம் அங்கே ஏறிவிட்டால் தூக்காதே என்பார்கள். தூக்காவிட்டால் நெய்யாற்றின்கரை.

தினமும் கடைசியில் அவள் வலிக்கு ஓர் எண் கேட்பாள். பத்தில் எத்தனை? முதல் நாள் எட்டு என்றேன், அது உண்மை. மறுநாள் மரியாதைக்கு ஏழு என்றேன். ஒரு தடவை இறங்கிவிட்டால் ஏறுவது கஷ்டம். ஏழு சொன்னவன் மறுநாள் எட்டு என்றால் அவள் கைப்பிழை என்றல்லவா ஆகும்? ஆறு, ஆறு, ஐந்து, நாலு என்று இறங்கிக்கொண்டே போனேன். எண் இறங்க இறங்க அவள் பயிற்சியைக் கூட்டினாள். பயிற்சி கூடக் கூட எனக்கு வலி கூடியது. சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான். அப்போது எனக்கு அழுகைதான் வந்தது, ஆட்டோவில் வரும்போது ஒருநாள் அழுதும் இருக்கிறேன்.

பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு ஆள் படுப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் சமையல். பெரிய பெரிய சாம்பார் அண்டாக்களை இறக்கி இறக்கி இடுப்பு போனவர். அந்தப் பெண் "குறவுண்டோ சேட்டா?" என்று கேட்டதும் அவர் கொஞ்சமும் தயங்காமல் சொல்வார்.

"கொறையலம்மா. நேத்து எப்படிக் கெடந்துச்சோ அப்படியேதான் கெடக்கு. நீ சொல்லித்தந்த அந்த மூணாவது ஐட்டம் பண்ணுனா கூடத்தான் செய்யுது."

எனக்குக் கூசும். என்ன மனுஷன் இவர், அந்தப் பெண் இவ்வளவு செய்கிறாளே, ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் குறைந்தா போவார் என்று நினைப்பேன். அவளோ முகம் கோணாமல், "செரி, அது வேண்டா. நமக்கு வேற நோக்காம்" என்று வேறொன்று சொல்லித்தருவாள். அவர் தூக்கும் அண்டா எவ்வளவு உயரம், எங்கே பிடிக்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்றெல்லாம் கேட்டாள். ஒரு காலி வாளியை வைத்துத் தூக்கக் கற்றுக்கொடுத்தாள். முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே, பாத்திரத்தை நெஞ்சோடு ஒட்டிப் பிடி, இடுப்பைத் திருப்பாதே, காலைத் திருப்பு.

நான் திரைக்கு இந்தப் பக்கம் குப்புறப் படுத்தபடி ஒவ்வொரு வார்த்தையையும் திருடினேன். எனக்கே அவள் சந்தோஷமாகச் சொல்லித்தந்திருப்பாள். கேட்க வாயில்லை, பேப்பர் வாசிக்கிறவனுக்கு எதற்குத் தூக்கும் வித்தை? அன்றைக்கு மத்தியானமே மனைவியை அண்டா மாதிரி தூக்கிப் பார்த்தேன். முட்டியை மடக்கி, நெஞ்சோடு ஒட்டி. அவள் என்னைவிடப் பன்னிரண்டு கிலோ கூட. அண்டா பேசாமல் இருக்கும், இவள் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "என்னாக்கும் இது? கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு ஆசையாப் பிடிச்சதில்லையே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவியது. இருவரும் மறுபடி படுக்கையில் விழுந்தோம். பத்து நாளில் அந்தச் சமையல்காரர் நிமிர்ந்து நடந்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து நான் பயிற்சி செய்வேன். மனைவி மேலே படுத்தபடி எண்ணுவாள். இடையில் நிறுத்தி, "முகத்தப் பாத்தா குறைஞ்ச மாதிரி தெரியலையே?" என்பாள். "நன்னாக் குறைஞ்சிருக்கு" என்பேன். அவளிடம் சொன்னபோது மட்டும் அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அவளும் அதற்கு மேல் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் நான் சொன்ன எண் இரண்டு. அந்தப் பெண் கோப்பை எடுத்துப்போய் உள்ளே இருந்த சீனியரிடம் காட்டினாள். அவர் வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். புதிதாக வந்து முனகிக்கொண்டிருந்த ஒரு ஆசிரியையிடம் என்னைக் காட்டி, "ஈ அங்கிளினெ நோக்கு, எட்டில் வந்ததா, இப்போள் ரெண்டு" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் அந்த ஆசிரியைக்குத் தைரியம் வேறு சொன்னேன்.

பிறகு அவள் தரையில் ஒரு மணல் பையை வைத்தாள். எட்டு கிலோ. இனி பலம் வருவதற்கான பயிற்சி, இதைத் தூக்கி மேஜையில் வைக்க வேண்டும், பத்து தடவை. நாலாவது தடவையில் வலது பிட்டத்திலிருந்து குதிகால் வரை ஒரு கம்பியை இழுத்தது போல் இருந்தது. கட்டைவிரல் மரத்துப்போனது. "குழப்பமுண்டோ?" என்று கேட்டாள், பிரச்சினை ஏதாவது உண்டா என்று. "குழப்பமில்லை" என்று சொல்லி மீதி ஆறையும் தூக்கி வைத்தேன். இதை எழுதும்போது என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

அன்று மத்தியானம் ஒரு மணிக்கு மனைவியைத் தூக்கினேன். வலது கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. படுக்கைக்கும் நாற்காலிக்கும் நடுவில் அது மடிந்தது. நான் கீழே, அவள் என் மேல் சாய்ந்தபடி. நல்லவேளையாக அவள் தலை என் தோளில்தான் பட்டது. நாற்காலி பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் இடித்து நின்றது. நான் எழப் பார்த்தேன், முதுகு அசையவிடவில்லை. போன் மேஜையில் இருந்தது, ஆறடி தூரம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். மனைவி நாலைந்து தடவை கூப்பிட்டாள். அங்கே டிவி சத்தம்தான் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள், "நெஜத்தச் சொல்லுங்கோ. குறைஞ்சுதா?"

"இல்லை."

"ஒரு நாளாவது?"

"ஒரு நாளும் இல்லை."

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"பாவம் அந்தப் பொண்ணு, அவ்வளவு கஷ்டப்படறா..." என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அசட்டுத்தனமாக இருந்தது. "உன்னைத் தூக்கறேன்னு சொன்னா தூக்கப்படாதும்பா. அதான்" என்றேன்.

பிறகு, மெதுவாக, "நேக்கு அடக்க முடியல" என்றாள். நான் "பரவாயில்லை" என்றேன். என் வேட்டியெல்லாம் நனைந்து தரையில் ஓடியது. சாமி மாடத்துக்கு நேர் கீழே. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் முகத்தைத் துடைக்கக்கூட எனக்குக் கை எட்டவில்லை, ஒரு கை அவளுக்கு அடியில், இன்னொன்றை உயர்த்தினால் முதுகு கத்தியது. என் வாழ்க்கையில் அவ்வளவு உதவாக்கரையாக நான் கிடந்ததில்லை.

மூன்று மணி தாண்டியிருக்கும், பக்கத்து வீட்டு டிவி நின்றது. மனைவி மறுபடி கூப்பிட்டாள். கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்க்கும் அந்த வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பின்பக்கமாக ஓடிவந்தார்கள். அவளைத் தூக்கிச் சுத்தம் செய்து உடுத்திப் படுக்க வைத்தார்கள். பிறகு என்னை.

இரண்டு நாள் அவர்களே வந்து அவளைத் தூக்கினார்கள். பிறகு, அந்த வீட்டுக்காரரின் கைத்தாங்கலில் நிலையத்துப் படியேறி அந்தப் பெண்ணிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு எப்போதும் எட்டாகவே இருந்தது, சில நாள் ஒன்பது என்றும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கோப்பைத் திறந்து, தான் எழுதிய எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்போள் ஞானாணல்லோ அங்கிளினெ இங்ஙனே ஆக்கியது" என்றாள். நான்தானே உங்களை இப்படி ஆக்கினேன் என்று. கண் நிறைந்துவிட்டது. எந்த முகம் வாடக் கூடாது என்று பன்னிரண்டு நாள் பொய் சொன்னேனோ, அது என் எதிரிலேயே உடைந்தது. "இல்லை மோளே, நான்தான்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் தலையை ஆட்டினாளே தவிர நம்பவில்லை.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலின் உயரத்தைப் பார்த்தாள், குளியலறைப் படியைப் பார்த்தாள், நாற்காலி திரும்ப இடமில்லாத நடையைப் பார்த்தாள். ஒரு ஹோம் நர்ஸ் வந்தாலும் அவரும் இப்படித்தான் விழுவார், இரண்டு பேர் வேண்டும் என்றாள். எனக்குக் குறைந்தது மூன்று மாதம் தூக்கல் கிடையாது. அதற்குப் பிறகும் உறுதி சொல்ல முடியாது. "ஆன்ட்டியெ ஆரு எடுக்கும்?" அவளை யார் தூக்குவார் என்று என்னைக் கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கட்டிலிலிருந்து மனைவிதான் பதில் சொன்னாள். "அதெல்லாம் ஏற்பாடு ஆயாச்சு. காலம்பற இவர் அங்க வந்தப்பவே போன்ல எங்க பொண்ணுகிட்டப் பேசிட்டேன். நெய்யாற்றின்கரைக்குப் போறேன். மூணு மாசம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன அனுப்பல, கேட்டேளா? நானாக்கும் போறேன்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வேண்டாம் என்றால் அடுத்த மணி நேரத்துக்கு என்ன வழி என்று தெரியாததால் மூடிக்கொண்டேன்.

அழைத்துப்போக இல்லத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் நின்று, ஒரு துணியை அடியில் செலுத்தி, ஏதோ பேசிக்கொண்டே ஒரே மூச்சில் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்கள். நான் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துச் செய்ததை அவர்கள் பேச்சுக்கு நடுவில் செய்தார்கள். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும், பொறாமையாக இருந்தது.

பிசியோதெரபி முதலிலிருந்து ஆரம்பமானது. இந்தத் தடவை நான் வாயை மூடுவதில்லை. இங்கே இழுக்கிறது, இது வேண்டாம், இன்றைக்கு ஏழு, இன்றைக்கு மறுபடி எட்டு. அந்தப் பெண் எழுதிக்கொள்கிறாள். சில பயிற்சிகளை நிறுத்திவிட்டுச் சின்னச் சின்னதாகத் தருகிறாள். இப்போது நிஜமாகவே ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிறது. கால் விரலில் மரப்பு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு மனைவியைப் பார்க்கப் போகிறேன். மூன்று மாதம் முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. போன ஞாயிறு ஜன்னல் பக்கம் அவளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தலைமுடியை வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். கழுவ லேசாம்.

"எப்படி இருக்கு இங்க?" என்று கேட்டேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள், யாரும் இல்லை. "நன்னா இல்ல" என்றாள். "கொறையா ஒண்ணும் சொல்றதுக்கில்ல, அவா நன்னாத்தான் பாத்துக்கறா. நேக்கு இங்க பிடிக்கல. ஆத்துக்கு வரணும்."

என் கையைப் பிடித்திருந்தாள். ஒன்றாம் தேதிக்குள் அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிடலாம் போல் வாய் துடித்தது. ஏஜென்சியில் இரண்டு பேர் வருவார்கள், வீட்டை இடித்துக் குளியலறை கட்டுகிறேன், என்னவெல்லாமோ சொல்ல வந்தது.

"எனக்கு இன்னும் உன்னைத் தூக்க முடியாது" என்றேன்.

"தெரியும்" என்றாள். கையை விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல அங்கே வேலை பார்க்கும் பெண் வரும்வரை நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.